கதவு திறந்திருக்கும் ஞாயிறு

முதல் மணி அடிச்சு ஓஞ்சாச்சு. இனி ரெண்டாம் மணி அடிப்பாங்க, பாட்டு ஆரம்பிச்சிடும், என் எடம் காலியா கெடக்கிறத மொத்த சபையும் பாக்கும், சாயங்காலத்துக்குள்ள எவளாவது ஒருத்தி "என்ன சாரு வீட்டம்மா, உடம்புக்கு முடியலையா"ன்னு வந்து நிப்பா. நிக்கட்டும். முப்பத்தஞ்சு வருஷத்துல பிரசவம் ஒண்ணு, டைபாய்டு ஒண்ணு, அவரு செத்த வாரம் ஒண்ணு, அதத் தவிர நான் கோயிலுக்குப் போகாத ஞாயிறு கெடையாது. இன்னைக்குப் போக முடியாது. கதவு தெறந்திருக்கணும். வியாழக்கிழமை மத்தியானம் போன்ல வந்துச்சு, தெரியாத நம்பர், ரெண்டே வரி. ஞாயிறு காலைல வருவோம், கதவு தெறந்திருந்தா உள்ள வர்றோம், மூடியிருந்தா அப்படியே போயிடுறோம். கீழ பிரிசில்லான்னு முழுப் பேரு. பெத்த தாய்க்கு எழுதுறவ பிரிசின்னு போட மாட்டாளா, என்னமோ கரண்ட் ஆபீசுக்கு மனு எழுதுற மாதிரி முழுப் பேரு. ஒம்பது வருஷத்துல எம் மவ எனக்கு எழுதின மொத்த எழுத்தும் இதுதான், அதுலயும் பாதி கதவைப் பத்தி. சரிதான், என்னைப் பத்தி எழுத அவளுக்கு என்ன இருக்கு.

கதவத் தெறந்து வைக்கிறது மத்த ஊர்ல ஒரு வேலையா? தரங்கம்பாடியில, அதுவும் ராணி வீதியில, அரைப் பரீட்சை லீவு விட்ட ஞாயித்துக்கிழமையில கதவத் தெறந்து வைக்கிறதுன்னா நடுரோட்டுல பாய் விரிச்சுப் படுக்கிற மாதிரி. மஞ்சச் சுவரு, ரெண்டு தூணு, நீலக் கதவு. இது போதும் அதுங்களுக்கு. வெள்ளக்காரன் கட்டின வீடுன்னா உள்ள ராஜா ராணி பீங்கான் தட்டு வச்சிருப்பாங்கன்னு நெனப்பு. உள்ள இருக்கிறது நானும் என் பிளாஸ்டிக் குடமும். மியூசியம் கோட்டைக்குள்ள இருக்குன்னு அட்டையில எழுதி ஒட்டிப் பாத்தாரு பிரிசி அப்பா, அந்த அட்டையையும் போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாங்க. அதனாலதான் வருஷம் பூரா நான் கதவச் சாத்தியே வச்சிருப்பேன், கொல்லைப் பக்கமா போக்குவரத்து. இன்னைக்கு ஆறரைக்குத் தெறந்தேன், ஏழரைக்குள்ள மூணு கூட்டம் வந்தாச்சு. முதல் கூட்டத்துல ஒருத்தி நேரா உள்ள வந்து "ஆண்ட்டி, டிக்கெட் எவ்வளவு?"ங்கிறா. ரெண்டாவது, கல்யாணம் பண்ணப் போற ஜோடி, பொண்ணு கவுனு மாட்டிக்கிட்டு என் வாசப்படியில சாயுது, கேமராக்காரன் எட்டிப் பாத்து "கொடியில இருக்கிற பாவாடைய எடுத்துடுறீங்களாம்மா, ஃப்ரேம்ல விழுது"ங்கிறான். எம் பாவாடை அது, எங்க விழணுமோ அங்க விழும்னேன். மூணாவதா வந்த ஆளு ஹால்ல நின்னு மூச்ச இழுத்து இழுத்து விட்டுட்டு, "இந்தக் காத்துல இருக்கிறதுக்கு நீங்க புண்ணியம் பண்ணியிருக்கணும்"னுட்டுப் போறாரு. இந்தக் காத்துலதான் சாமி ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் எங்க ஜன்னல் கம்பி துருப்பிடிச்சு உதிருது, பீரோ பூட்டு சிக்கிக்குது, உப்பு ஜாடியில உப்பு தண்ணியா நிக்குது. ரெண்டு நாள் இருந்துட்டுப் போறவனுக்கு அது காத்து, இருந்து சாவுறவளுக்கு அது வேலை.

ஒவ்வொரு தரமும் வாசல்ல நெழல் விழும்போது கையில இருக்கிறதப் போட்டுட்டு எட்டிப் பாக்குறேன். வந்துட்டாளோன்னு. இல்லன்னு தெரிஞ்சதும் ஒரு ஆசுவாசம் வருது பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல. மவ வரலைங்கிறதுல ஒரு தாய்க்கு என்ன ஆசுவாசம் வேண்டிக் கெடக்கு? பயம், வேற என்ன. வந்தா சொல்லணும். சொல்லாம இருந்தா பொய்யோட பொய்யா இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். அவ அப்பா கடைசியில அவள வெறுத்துட்டுச் செத்தாருன்னு அவ நம்பிக்கிட்டு இருக்கா. நான் சொன்னதுதான். அவரு போயி மூணு நாள் கழிச்சு யாரோ போன்ல போட்ட கண்ணீர் அஞ்சலிப் படத்தப் பாத்துட்டுக் கூப்பிட்டா. "ஏம்மா எங்கிட்ட சொல்லல"ன்னா. அப்பா சொல்லக் கூடாதுன்னுட்டாரு, எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாருன்னேன். வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். சொன்ன ஒடனே நாக்கக் கடிச்சுக்கிட்டேன், ஆனா திருப்பி எடுக்கல. செத்தவரு தலையில பாரத்தத் தூக்கி வச்சா அவரு என்ன எந்திரிச்சு வந்து இல்லைன்னா சொல்லப் போறாரு? அவரு கேட்டதெல்லாம் அவளத்தான். படுக்கையில கெடந்த மூணு நாளும் அவளத்தான். போன் ஜன்னல் மேடையில கெடந்துச்சு, கை நீட்டினா எட்டும். நான் நீட்டல. கர்த்தாவே, நான் நீட்டல. இன்னும் கேளு, அடக்கத்தன்னைக்கு இந்தக் கதவு தெறந்து கெடந்துச்சா, சேலத்துலேர்ந்து வந்த ஒரு குடும்பம் மியூசியம்னு உள்ள வந்துட்டாங்க. பெட்டியப் பாத்ததும் அப்படியே செருப்பக் கழட்டிட்டு நின்னாங்க. போகலை. கல்லறைத் தோட்டம் வரைக்கும் கூடவே வந்தாங்க. ஆளாளுக்கு மூணு கைப்பிடி மண்ணு போடும்போது அந்த வீட்டுப் பொண்ணு, காலேஜ் படிக்கிற வயசு, அதுவும் குனிஞ்சு மண்ண எடுத்துப் போட்டுச்சு, கண்ணெல்லாம் செவந்து. எம் புருஷனுக்கு மவ ஸ்தானத்துல மண்ணு போட்டது யாரோ ஒரு சேலத்துப் பொண்ணு. அது பேரு கூட நான் கேக்கல.

வந்தவன் எல்லாம் அப்படி மண்ணு போட்டுட்டுப் போயிட்டா பரவாயில்லையே. அந்தப் பூபதி வந்தானே, பதினோரு வருஷத்துக்கு முந்தி, ஈரோட்டுலேர்ந்து நாலு சிநேகிதனுங்களோட, இதே கதவு வழியாத்தான். மியூசியம்னு நெனச்சிட்டேங்க, குடிக்கத் தண்ணி கெடைக்குங்களான்னான். நாந்தான் பிரிசிய எடுத்தாந்து குடுக்கச் சொன்னேன். என் வாயி! தண்ணி கேட்டவன் ரெண்டு வருஷங்கழிச்சுப் பொண்ணக் கேட்டான். வேற சாதி, வேற சாமி, ஊரு எங்கயோ. ரிஜிஸ்டர் ஆபீசுல கையெழுத்துப் போட்டுட்டு வாசல்ல வந்து நின்னாங்க ரெண்டு பேரும். அவரு உள்ள நாக்காலியில உக்காந்து தரையப் பாத்துக்கிட்டு இருந்தாரு. கதவச் சாத்தினது நான். ஒரு வருஷத்துல அவரு எறங்கி வந்துட்டாரு. போரையாறு பள்ளிக்கூடத்துல பாடம் எடுத்துட்டுத் திரும்பி வர்ற வழியில அவகிட்ட போன்ல பேசுறாருன்னு எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன். வீட்டுக்குள்ள மட்டும் பேசக் கூடாது, அவ இங்க காலு வைக்கக் கூடாது. அது என் சட்டம். அவரு கடைசி வரைக்கும் என் சட்டத்த மீறல, பாவம். அப்படிப் பேசிக்கிட்டு இருந்தவரு சாவுறப்ப மனசு மாறிட்டாருன்னு அவ நெனச்சிருக்கா, என் பொய்யால. இப்பக் கூட அவர நெனச்சா கோவந்தான் முதல்ல வருது. ஏங்க, ஒரு தரம் மீறியிருந்தா என்னவாம்? ஒரு தரம் எங்கிட்ட சத்தம் போட்டிருந்தா என்னவாம்?

அவளுக்குக் கொழந்தை பொறந்திருக்குன்னு மட்டும் தெரியும். பொண்ணு. ஏழு முடிஞ்சிருக்கும். பேரு தெரியாது எனக்கு. யாருகிட்டயும் கேக்க மாட்டேன்னு இருந்துட்டேன், அப்புறம் கேக்க ஆளில்லாமப் போச்சு. சரி, வேலையப் பாரு. மீன்காரி தையல்நாயகி காலையிலயே கெழங்கா மீன் கொண்டாந்து குடுத்தா, "யாருக்கு சாரு வீட்டம்மா இவ்வளவு, நீ ஒத்தக் கட்டை"ன்னு வாயக் கிண்டினா, சாப்பிடுறவங்க சாப்பிடுவாங்கன்னேன். பிரிசிக்குக் கெழங்கான்னா உசுரு, மொறுமொறுன்னு வறுத்தா முள்ளோட மென்னுடுவா. இப்பவும் திங்கிறாளோ என்னமோ, அந்த வீட்டுல கவுச்சி உண்டோ இல்லையோ. கொல்லையில உக்காந்து செதிலு சீவினா வாசல் தெரியாது, அடுக்களையில நின்னா ஹாலு வழியா நேரா தெரியும், அதனால தரையில பேப்பரப் போட்டு அருவாமணையோட உக்காந்துட்டேன். இடுப்பு விட்டுப் போச்சு. ரெண்டாம் மணி அடிச்சுச்சு. முதப் பாட்டு காத்துல வருது, பின்னாலேர்ந்து என் குரலு இல்லாம அந்தப் பாட்டு எப்படி இருக்குன்னு இன்னைக்குத்தான் கேக்குறேன், நல்லாத்தான் இருக்கு. நாலாவது கூட்டம். அஞ்சாவது கூட்டம், ஒருத்தன் உள்ள வந்து அவரு நாக்காலியில உக்காந்து போட்டோ எடுத்துக்கிட்டான், எந்திரிடான்னு கத்துறதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டான். கையெல்லாம் செதிலு, மூக்குல வந்து ஈ உக்காருது, புறங்கையால தட்டினா கண்ணுல மீனுத்தண்ணி. கண்ணு எரியுது. அப்பத்தான் திரும்பவும் வாசல்ல ஒண்ணு. சின்ன உருவம், தொப்பி போட்டிருக்கு, வெயிலு பின்னால அடிக்கிறதால மூஞ்சி இருட்டா இருக்கு. ஒரு காலு உள்ள, ஒரு காலு வெளியில. "இது..."ன்னு இழுத்துச்சு. அதுக்கு மேல நான் விடல. மியூசியம் இல்ல, கோட்டைக்குப் போ, கெழக்கால போ, கதவு தெறந்திருந்தா உள்ள வந்துடுறதா, வீடுன்னு ஒண்ணு கெடையாதா உங்களுக்கெல்லாம், போ போன்னு கத்திட்டேன். காலையிலேர்ந்து சேத்து வச்ச அஞ்சு கூட்டத்தோட எரிச்சலும் அது மேல எறங்கிடுச்சு. அது ஒரு நிமிஷம் நின்னுச்சு. அப்புறம் காணோம்.

நல்லா வாங்கிக் கட்டிக்கிச்சு, போகட்டும். அடுத்த மீனு. தலைய வெட்டு, வயித்தக் கீறு. கொழந்தைங்களத் தனியா விட்டுட்டு இந்த ஆளுங்க எங்க போவாங்களோ. தனியாத்தான வந்துச்சு? பின்னால யாரும் இல்ல. அஞ்சு கூட்டம் வந்துச்சே, ஒண்ணுலயாவது கொழந்தை தனியா வந்துச்சா? பெருசுங்க முன்னால வரும், சிறுசுங்க பின்னால ஐஸ்க்ரீம நக்கிக்கிட்டு வரும். இது தனியா வந்துச்சு. வழி தப்பியிருக்கும். வழி தப்பின கொழந்தை அழும், இது அழல. ஒரு காலு உள்ள, ஒரு காலு வெளியில. என்ன வயசிருக்கும், ஆறு, ஏழு. ஏழு. இல்ல, அவளுக்கு வீடு தெரியும், இந்த வீட்டுல பொறந்து வளந்தவ, அவ ஏன் கொழந்தையத் தனியா அனுப்பப் போறா, பைத்தியம், மீன வெட்டு. விரல வெட்டிக்கிட்டேன். சின்ன வெட்டுதான். போரையாத்துல எங்கண்ணன் வீட்டோட எனக்குப் பேச்சு வார்த்தை இல்லாம இருந்துச்சே ரெண்டு வருஷம், அப்புறம் நானே மனசு கேக்காம ஒரு கிறிஸ்துமஸ் மறுநாளு போனேனே, எப்படிப் போனேன்? தெருமுனையில நின்னுக்கிட்டு பிரிசியத்தான முதல்ல அனுப்பினேன். அஞ்சு வயசு இவளுக்கு. மாமா இருக்காரான்னு பாத்துட்டு வா கண்ணு, அத்தை மொகம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வான்னு. நாங்க எல்லாருமே அப்படித்தான். மனஸ்தாபப்பட்ட வீட்டுக்கு முதல்ல கொழந்தைதான் போகும். கொழந்தையத் தூக்கிக் கொஞ்சினா பின்னால பெரியவங்க போவாங்க, கொழந்தை போன வேகத்துல திரும்பி வந்தா அப்படியே வண்டியேற வேண்டியதுதான். அவளுக்கு இத வேற எவளும் சொல்லித் தரல, நாந்தான் கையப் புடிச்சு நிக்க வச்சுக் காட்டினேன். அய்யோ. கதவு தெறந்திருந்தா உள்ள வந்துடுறதான்னு கேட்டேனே. அந்த வார்த்தையையேவா கேப்பேன்! அது அப்படியே போயி அம்மாகிட்ட சொல்லுமே. ஏழு வயசுக் கொழந்தை ஒரு எழுத்துக் குறையாம சொல்லுமே.

எந்திரிச்சேன், மீனு கெடந்துச்சு, கை கழுவல. செருப்பு போட்டேனான்னு இப்ப நெனப்பில்ல. தெரு பூரா காரு, நம்பரப் பாத்தா மெட்ராஸு, கோயமுத்தூரு, பெங்களூரு, காருக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒடம்ப ஒருக்களிச்சு நடக்க வேண்டியிருக்கு. ஒரு பொம்பள மூக்கப் பொத்திக்கிட்டு வழி விட்டா, மீனு நாத்தம். நாறட்டும். தையல்நாயகி முனையில கூடையோட உக்காந்திருந்தா. "தே, எங்க ஓடுற? பிரிசி மாதிரியே ஒரு பொண்ணு இங்கதான் ரொம்ப நேரமா நின்னுக்கிட்டு இருந்துச்சு, கூப்புடுறதுக்குள்ள கோட்டைப் பக்கம் நடந்துருச்சு"ன்னா. கோட்டைப் பக்கமா, பஸ்ஸு பக்கமான்னேன். "கோட்டைப் பக்கந்தான். ஒரு கொழந்தை அழுதுக்கிட்டே போச்சு." அழுதுச்சாம். எங்கிட்ட அழல, அங்க போயி அழுதிருக்கு. பிரிசியும் அப்படித்தான், அடிச்சா அந்த எடத்துல அழ மாட்டா. நடக்குறேன், நடக்குறேன், இந்தத் தெரு இவ்வளவு நீளமா இருந்ததில்ல. முப்பத்தஞ்சு வருஷமா கோட்டைக்கு எது வழின்னு கேட்டவனுக்கெல்லாம் கைய நீட்டினேன், நானா இந்தப் பக்கம் வந்து எத்தன மாசம் ஆச்சு. என்ன சொல்லப் போறேன்? மீனு வாங்கி வச்சிருக்கேன், வா, சாப்பிடு. அது போதாது. பாப்பான்னு தெரியாமத் திட்டிட்டேன்னு சொன்னா அவ வருவா, சிரிச்சுக்கிட்டே கூட வருவா, உக்காந்து சாப்பிடுவா, அப்பா போட்டோவுக்கு முன்னால நின்னு, கடைசியில என்னைய வெறுத்துட்டுப் போயிட்டீங்களேப்பான்னு அழுவா. நான் அடுக்களையிலேர்ந்து அதக் கேட்டுக்கிட்டு நிக்கணும். முடியாது. என்னால அத ஒரு வேளை சோத்துக்காகக் கேக்க முடியாது.

கோட்டைக்கு எதிர்த்தாப்புல மணல்ல கூட்டத்தோட கூட்டமா நின்னுக்கிட்டு இருந்தா. எளச்சிருக்கா. அந்தப் பூபதிதான் என்னை முதல்ல பாத்தாரு, தலை நரைச்சுப் போச்சு அவருக்கு, "வாங்க அத்தை"ன்னு கும்பிட்டாரு, எம் வீட்டுக்கு வந்தவருக்கு நான் சொல்ல வேண்டிய வார்த்தைய அவரு எனக்குச் சொல்றாரு. கொழந்தை அவரு காலுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிச்சு. பிரிசி கடலப் பாத்துக்கிட்டே, "கத்துனது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சும்மா"ன்னா. பாப்பான்னு தெரியாதுன்னேன். "தெரிஞ்சிருந்தா கத்தியிருக்க மாட்டியா?" பக்கத்துல ஒரு குடும்பம் எங்களயும் சேத்து செல்பி எடுக்குது. இப்ப சொல்லலைன்னா எப்பவும் சொல்ல மாட்டேன்னு தோணுச்சு, சொன்னேன். அப்பா சத்தியம் எதுவும் வாங்கலடி. நான் சொன்னது பொய்யி. அவரு ஒன்னத்தான் கேட்டாரு, மூணு நாளும் ஒன்னத்தான் கேட்டாரு, நாந்தான் கூப்பிடல. நீ வந்து நின்னா நான் தோத்துட்டேன்னு ஆயிடும்னு கூப்பிடல. அவ திரும்பினா. அடிச்சாலும் பரவாயில்லன்னு நின்னேன். "என்னன்னு கேட்டாரு?"ன்னா. என்னடின்னேன். "என்ன வார்த்தை சொல்லிக் கேட்டாரு, அத அப்படியே சொல்லு." பிரிசி வந்தாச்சான்னு கேட்டாரு. முத நாளு கேட்டாரு, மறுநாளு கேட்டாரு, கடைசியா கண்ணு சொருகுறப்ப கேட்டாரு. "நீ என்ன சொன்ன?" நான் சொன்னேன். யாருகிட்டயும் சொல்லாதத, சபை ஐயரு வந்து ஜெபம் பண்ணினப்பக் கூட சொல்லாதத. வந்துட்டா, வாசல்ல செருப்பக் கழட்டிக்கிட்டு இருக்கான்னேன். அவரு வாசலப் பாத்தாருடி. பாத்துக்கிட்டே இருந்தாரு.

அவ மணல்ல உக்காந்துட்டா. கொழந்தை வந்து அவ முதுகத் தடவுச்சு, என்னைய ஒரு மொறை மொறைச்சுச்சு. நான் நின்னுக்கிட்டே இருந்தேன், தொடுறதுக்குக் கை வரல, மீனுக்கை வேற. அப்புறம் அவளே எந்திரிச்சு மண்ணத் தட்டினா, "ஏங்க, நீங்க பாப்பாவக் கூட்டிக்கிட்டு கோட்டையச் சுத்திக் காட்டுங்க, நான் அப்பாவப் பாத்துட்டு வந்துடுறேன்"னு அவருகிட்ட சொன்னா. விறுவிறுன்னு நடந்தா, நான் பின்னால போனேன். அவ வேகத்துக்கு என்னால ஈடு குடுக்க முடியல, மூச்சு வாங்குது, கூப்பிட்டா நிப்பாளான்னு தெரியல, அதனால கூப்பிடல. வீதி தாண்டி, கோயில் தாண்டி, ஆராதனை முடிஞ்சு வெளிய வந்த சனம் எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாக்குது, பாக்கட்டும். கல்லறைத் தோட்டத்துக்கு அவளுக்கு வழி தெரியும், சின்னதுலேர்ந்து வந்த எடந்தான். கம்பிக்கேட்டத் தள்ளித் தெறந்தா, உள்ள ஒரு அடி வச்சா, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாத்தா. எத்தனையோ சிலுவை. அதுல அவ அப்பா எதுன்னு அவளுக்குத் தெரியாது. திரும்பி, நான் வந்து சேர்ற வரைக்கும் நின்னா.